எல்லாருக்கும் அப்படித்தானே?

அத்தியாயம் 17

“ரெண்டு பழம் உதிர்ந்துட்டா பழுத்த குலையா? யாருகிட்ட கதை விடுறீங்க அண்ணே?”

மவுரீன் கொக்கியால் செம்பனைக் குலையைப் புரட்டிப் போட்டாள். லோரிக்காரர் ஐயாவு தலையைச் சொறிந்தார். காலை ஏழு மணிக்கே பாமாயில் ஆலையின் இறக்குமேடையில் வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்திருந்தது.

“உதிர்ந்திருக்குல்ல தங்கச்சி, கண்ணால பாரேன்.”

“லோரியிலேருந்து கொட்டுனா பச்சைக் குலையிலகூடத்தான் ரெண்டு உதிரும். பழம் விழுந்த குழியை எண்ணுங்க. பத்து இருந்தா பழுத்தது. இதுல மூணு. இது பழுக்கல.”

ஐயாவு எண்ணிப் பார்த்தார். மூன்றுதான். அவர் லோரியில் ஏறிக்கொண்டார். மவுரீனிடம் வாதாடி ஜெயித்த லோரிக்காரர் அந்த ஆலையில் இதுவரை இல்லை.

ஐம்பத்து மூன்று வயது, ரப்பர் பூட்ஸ், மஞ்சள் தொப்பி, கழுத்தில் சின்னதாய் ஒரு சிலுவை. பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே குலைகளைத் தரம் பார்க்கும் கிரேடர். அந்த மேடையில் ஏறிய முதல் பெண்ணும் அவள்தான். பொம்பளைக்கு இந்த வேலை ஒரு மாசம் தாங்காது என்று சொன்ன ஆண்கள் எல்லாரும் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மவுரீன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.

கையில் சீட்டும் பேனாவும் எப்போதும் இருக்கும். பச்சைக்கு ஒரு புள்ளி, அழுகலுக்கு ஒரு புள்ளி, காம்பு நீளமாக இருந்தால் அதற்கு ஒரு புள்ளி. புள்ளி விழுந்தால் கொண்டுவந்தவருக்குக் காசில் வெட்டு. இந்தப் புள்ளிதான் நம் மவுரீன் குடும்பத்தில் இப்போது குழப்பம் செய்திருக்கிறது.

போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மவுரீனின் மூத்த மகள் அலீசியாவுக்கு இருபத்தாறு வயது. வங்கிக் கவுண்டர் வேலை எட்டு மாதத்தில் போனது. தொலைபேசியில் பேசும் வேலை ஐந்து மாதத்தில் போனது. மூன்றாவதாக ஈஜோக்கில் மண்ணையும் இலையையும் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். பின்னறையில், கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே, இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். இப்போது அவளை வாடிக்கையாளர் வரும் முன்கூடத்துக்கு மாற்றப்போகிறார்கள். முடியாது என்றால் மாதக் கடைசிக்குள் நிபுணரிடமிருந்து கடிதம் வேண்டுமாம்.

தனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று அலீசியாவுக்கு நெடுநாளாகச் சந்தேகம். உளவியல் நிபுணர் ஜஸ்மினிடம் போனாள். பெரியவர்களைச் சோதிக்கும்போது அவர்கள் சின்ன வயதில் எப்படி இருந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஜஸ்மின், அலீசியாவின் அம்மாவுக்கென்று நாற்பது கேள்விகள் கொண்ட பாரம் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினாள். மவுரீன் நாற்பதுக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை ஜஸ்மின் போன் செய்து சொன்னாளாம்: “உங்க அம்மா எழுதினதைப் பார்த்தா நீங்க பிறந்தப்போ அழக்கூட இல்ல போலிருக்கு. சனிக்கிழமை அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா ‘முடிவு சொல்ல இயலவில்லை’ன்னுதான் நான் எழுத முடியும்.”

அந்தச் சனிக்கிழமை இன்றைக்குத்தான்.

*

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மவுரீன் புக்கிட் பெலிம்பிங் வீட்டுக்கு வந்தபோது மேசையில் கணவனும் மகள்கள் இருவரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அலீசியாவின் தட்டில் தோசை. அதற்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் சம்பல்.

“அக்கா, நேத்து நான் ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் பண்ணேன்லா” என்றாள் சின்னவள் கெய்ட்லின். பதினேழு வயது, இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. “பத்துக்கு எட்டு! எனக்கும் கூட்டம்னா ஆகாது, சத்தம்னா ஆகாது. அப்ப நானும்தான்.”

“நேத்து சாயங்காலம் எங்க போயிருந்த?” என்று கேட்டாள் அலீசியா.

“பசார் மாலாம். நைட் மார்க்கெட் முழுக்கக் கடை கடையா சுத்தினேன்.”

“எவ்வளவு நேரம்?”

“மூணு மணி நேரம் இருக்கும். செம கூட்டம், தலைவலியே வந்துடுச்சு.”

“வந்து என்ன பண்ண?”

“மேகி சாப்பிட்டுட்டுப் படுத்துட்டேன்.”

அலீசியா சம்பலைக் கரண்டியால் கிளறினாள். “நான் போனா மறுநாள் லீவு போடணும் கெய்ட்லின். சட்டை உடம்புல பட்டாலே எரியும். பேச்சு வராது. போன மாசம் உனக்காக வந்தேன்ல, ரெண்டு நாள் பாத்ரூம் லைட்டைக்கூடப் போடல.”

கெய்ட்லின் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடுவது அந்த வீட்டில் அபூர்வம்.

“எல்லாருக்கும் அப்படித்தானே” என்றான் சில்வெஸ்டர், தட்டிலிருந்து தலை தூக்காமல். “எனக்கும் சத்தம் ஆகாது. எனக்கும் நாலு பேரு சேர்ந்தாப் பேச வராது. நான் இல்லையா, வேலைக்குப் போகலையா? இதுக்கு எதுக்கு டாக்டரு.”

தஞ்சோங் காராங் பக்கம் நெல்வயல்களுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் மதகு திறந்து மூடும் வேலை அவனுக்கு. இருபத்தெட்டு வருஷமாக அந்த மதகும் அவனும் மட்டும்தான்.

மவுரீன் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கு அடியில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்று கிடந்தது. அதைப் பிரிக்கவில்லை. அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

*

கிள்ளானில் இருந்த ஜஸ்மினின் கிளினிக்குக்குப் போய்ச் சேர மணி பதினொன்று. காத்திருக்கும் அறையில் டிவி அலறியது, நாலைந்து குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. சில்வெஸ்டர் கண்ணாடிக் கதவு வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

“நான் காடியிலயே இருக்கேன்” என்று காருக்குத் திரும்பிவிட்டான்.

ஜஸ்மினுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காப்பாரில் அவள் அப்பாவுக்கு உணவுக்கடை. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசவைத்துவிடுவாள். ஆனால் மவுரீன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அலீசியா சன்னலோர நாற்காலியை எடுத்துக்கொண்டாள்.

“ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. ஏன் நாற்பதுக்கும் இல்லைன்னு போட்டீங்க?”

“டாக்டர், சீட்டுல புள்ளி போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமா நான் செய்யறதே அதுதான். ஒரு புள்ளிக்கு ஒரு வெட்டு. என் பிள்ளைக்கு என் கையாலயே வெட்டு போடச் சொல்றீங்களா?”

ஜஸ்மின் பேனாவைக் கீழே வைத்தாள். இந்தக் காரணத்தை அவள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்திருக்க மாட்டாள்.

“இதுல வெட்டே இல்ல ஆன்டி. அலீசியா எப்படிப்பட்டவங்கன்னு சரியாத் தெரிஞ்சா, அவங்களுக்கு என்ன தேவைன்னு கேட்க முடியும். நீங்க போடாம விட்ட புள்ளிதான் இப்ப அவங்களுக்கு வெட்டா வந்து நிக்குது.”

மவுரீன் மகளைப் பார்த்தாள். மகள் சன்னல் திரையின் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. கேள்விதான் என்ன கேள்வி? சத்தம் பிடிக்காதான்னு கேக்குறீங்க. யாருக்குப் பிடிக்கும்? தெரியாத ஆளோட பேசக் கூச்சமான்னு கேக்குறீங்க. யாருக்கு இல்ல? நெனச்சது நெனச்ச நேரத்துல நடக்கலேன்னா எனக்கே கோபம் வருது. அப்ப ஊரே அதுதானா?”

“நியாயமான கேள்வி. இந்த நாற்பதுல எனக்கே ஏழெட்டு இருக்கு. யாரை எடுத்தாலும் நாலஞ்சாவது இருக்கும். அதனால இருக்கா இல்லையான்னு மட்டும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எத்தனை இருக்கு, சின்ன வயசுலேருந்தே இருக்கா, வீடு, பள்ளிக்கூடம், கோயில்னு எல்லா இடத்துலயும் இருக்கா, அதைச் சமாளிக்க அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபடுது… இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்க்கணும்.”

மவுரீன் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

“இருங்க டாக்டர். குழியை எண்ணணும்னு சொல்றீங்க.”

“எதை?”

அப்புறம் ஐந்து நிமிடம் மவுரீன்தான் ஆசிரியை, ஜஸ்மின் மாணவி. பச்சைக் குலையிலும் பழம் உதிரும், அடிபட்டால் உதிரும், அணில் கொறித்தாலும் உதிரும். உதிர்ந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவன் கிரேடரே இல்லை. குலையைச் சுற்றிலும் புரட்டி, புதுக் குழிகளை எண்ணி, எண்ணிக்கை வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். ரெண்டு பழம் உதிர்ந்தது என்று பச்சையைப் பழுத்தது என்று சொல்வது எவ்வளவு பெரிய தப்போ, பச்சையிலும்தான் உதிருது என்று சொல்லிப் பழுத்ததைத் தள்ளுவதும் அவ்வளவு பெரிய தப்பு. சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கடைசியாகச் சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது.

“அம்மா, நான் குலை இல்ல” என்றாள் அலீசியா.

“தெரியும்டி. குலை எதிர்த்துப் பேசாது.”

அலீசியா சிரித்தாள். மவுரீன் கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் சுற்றைப் பிரித்தாள். உள்ளே நீல அட்டை போட்ட பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம்.

“இதைப் பாருங்க. எட்டு வருஷம் ஆச்சு, நானே திறக்கல.”

முதல் பக்கத்தை ஜஸ்மின் உரக்கப் படித்தாள். மவுரீனின் குண்டுக் கையெழுத்து.

“ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால்: சிரி. ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேள். அவர்கள் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டும் சொல். காலையில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் சொல்லாதே. துக்க வீடு: ஒன்றும் கேட்காதே. கையைப் பிடி. ஐந்து வரை மனசுக்குள் எண்ணு. விடு. பிறந்தநாள் வீடு: பரிசு பிடிக்காவிட்டாலும் ‘தேங்க்யூ’ சொல். ஏன் பிடிக்கவில்லை என்று விளக்காதே.”

பக்கம் பக்கமாக இப்படி. ஜஸ்மின் புரட்டுவதை நிறுத்தவில்லை.

“எப்ப ஆரம்பிச்சது ஆன்டி?”

இதைச் சொல்லத்தான் மவுரீன் பதினாறு வருஷமாகப் பயந்தாள்.

“அவளுக்குப் பத்து வயசு. யாரைப் பார்த்தாலும் பேசாம நிப்பா. நான்தான் ரெண்டு வரி சொல்லிக் கொடுத்தேன். ‘நல்லா இருக்கீங்களா ஆன்டி, அங்கிள் வரலையா’ன்னு கேளுன்னு. ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்ப்பா. ஒரு ஞாயித்துக்கிழமை இராஜம்மா ஆன்டி வந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் தவறி ரெண்டு வாரம்தான் ஆச்சு. இவளும் அடக்கத்துக்கு வந்திருந்தா. நேரா அவங்க முன்னால போய் நின்னு, ‘நல்லா இருக்கீங்களா ஆன்டி, அங்கிள் வரலையா’ன்னு கேட்டுட்டா. கோயில் வாசல்ல அத்தனை பேரும் பார்த்தாங்க. நான் அறைஞ்சிட்டேன் டாக்டர். நான் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னதுக்கு நானே அறைஞ்சேன்.”

மவுரீன் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“வீட்டுக்கு வந்து அவ அழல. ஏன் அடிச்சீங்கன்னும் கேக்கல. நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டி, ‘அடுத்த தடவை என்ன சொல்லணும், எழுதிக் கொடுங்க’ன்னு கேட்டா. பதினெட்டு வயசு வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். சின்னவளுக்கு நான் ஒரு வரி எழுதினதில்ல. அவளுக்குத் தேவைப்படல. பார்த்துப் பார்த்துத் தானா கத்துக்கிட்டா. வித்தியாசம் எனக்கு அப்பவே தெரியும் டாக்டர். தெரிஞ்சுதான் இல்லைன்னு போட்டேன்.”

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கு அடிச்சது தப்பு. என்னை மன்னிச்சுடு அலீசியா.”

அலீசியா சன்னலிலிருந்து திரும்பினாள். “யாராவது மன்னிப்புக் கேட்டா என்ன சொல்லணும்னு நீங்க எழுதிக் கொடுக்கலம்மா.”

அவள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். ஐந்து எண்ணும் நேரம் ஆனது. பத்து எண்ணும் நேரமும் ஆனது. அவள் விடவில்லை.

மவுரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இறக்குமேடையில் நிற்கும் மவுரீன் திரும்பி வந்துவிட்டாள்.

“இதையும் எழுதிக்கங்க டாக்டர். மத்த பிள்ளைங்களுக்குச் சும்மா வந்ததையெல்லாம் என் மக ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணிப் பாஸ் பண்ணா. ஞாயித்துக்கிழமைகூட அவளுக்குப் பரீட்சைதான். ஒரு ஞாயிறு கூட வரமாட்டேன்னு சொன்னதில்ல. நான் பெத்ததுன்னு சொல்லிக்க எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கு.”

“எழுதிட்டேன் ஆன்டி” என்றாள் ஜஸ்மின். அவள் கண்ணும் கொஞ்சம் பளபளத்தது.

பாரத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கிரேடர் என்றால் கிரேடர்தான். “இது வேணாம், எந்தப் பிள்ளையும் அந்த வயசுல அப்படித்தான் இருக்கும்” என்று சிலதைத் தள்ளினாள். “இது ஆமா. மூணு வயசுலேருந்து. சாட்சி வேணும்னா பாலர் பள்ளி டீச்சர் இன்னும் இருக்காங்க” என்று சிலதுக்கு அழுத்திக் கோடு போடச் சொன்னாள். நாற்பதில் இருபத்தாறு தேறியது. நடுவில் அலீசியா இரண்டு இடத்தில் அம்மாவைத் திருத்தினாள். அம்மா மறுக்காமல் ஒத்துக்கொண்டாள்.

“சின்னவளும் ஆன்லைன் டெஸ்ட்ல பத்துக்கு எட்டு வாங்கிட்டுத் தனக்கும் இருக்குங்கறா டாக்டர்.”

“பார்க்காம நான் எதுவும் சொல்லக் கூடாது. கஷ்டமா இருக்குன்னு அவங்களே சொன்னா கூட்டிட்டு வாங்க. பத்துக்கு எட்டுங்கறது மட்டும் போதாது.”

“குழி எண்ணணும்.”

“ஆமா, எண்ணணும்” என்று சிரித்தாள் ஜஸ்மின். “அலீசியா, நீங்க எங்கிட்ட செஞ்ச சோதனைங்க, அம்மா சொன்னது, இந்த நோட்டு, எல்லாம் ஒரே பக்கம்தான் காட்டுது. ஆட்டிசம்தான். முழு அறிக்கை எழுதக் கொஞ்ச நாள் ஆகும். பின்னறையிலயே வேலை செய்யறது உங்களுக்கு ஏன் அவசியம்னு கடிதம் செவ்வாய்க்கிழமையே உங்க ஆபீஸுக்குப் போயிடும்.”

அலீசியா தலையாட்டினாள். பிறகு யாரையும் பார்க்காமல், “எனக்குச் சோம்பேறித்தனம் இல்ல, திமிர் இல்ல” என்று மெதுவாகச் சொன்னாள். வங்கியில் ஒருவரும் போன் வேலையில் ஒருவரும் அவளைச் சொன்ன வார்த்தைகள் அவை.

“என்னிக்கும் இருந்ததில்ல” என்றாள் மவுரீன்.

எல்லாம் முடிந்து, திருப்பிக் கொடுப்பதற்காக நோட்டை மூடப்போன ஜஸ்மின் கடைசிப் பக்கங்களில் நின்றாள்.

“ஆன்டி, இது உங்க கையெழுத்து இல்லையே. அலீசியா, உங்களோடதா?”

பென்சிலில், பிரித்துப் பிரித்து எழுதிய எழுத்துகள். அலீசியா எட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையசைத்தாள். மவுரீன் நோட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

‘ஐயாவு மகள் கல்யாணம். கையைக் கொடு. ரொம்பச் சந்தோஷம் என்று சொல். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை சொல். காடியில் பத்து நிமிஷம் உட்கார். திரும்பிப் போ.’

அதற்குக் கீழே இன்னும் ஏழெட்டு இருந்தன. கடைசியாக இருந்தது இது:

‘மவுரீன் அழுதால்: என்ன ஆச்சு என்று கேட்காதே. தண்ணீர் கொடு. பக்கத்தில் உட்கார்.’

மவுரீனின் அம்மா இறந்த அன்று ஊரே வந்து என்னென்னவோ சொன்னது. சில்வெஸ்டர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கிளாஸ் தண்ணீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த மனுஷனுக்கு என் மனசு எப்படித் தெரிகிறது பார் என்று அன்றைக்கு அவள் உள்ளுக்குள் பெருமைப்பட்டாள். அவன் அதை எழுதிவைத்துப் படித்திருக்கிறான்.

*

கார் மரத்தடியில் நின்றது. சன்னல் இறங்கியிருந்தது, ரேடியோ ஓடவில்லை. இரண்டு மணி நேரமாக சில்வெஸ்டர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். அலீசியா பணம் கட்டப் போயிருந்தாள்.

மவுரீன் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நோட்டு மடியில் திறந்தே கிடந்தது. கண்ணீர் நிற்கமாட்டேன் என்றது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

அவன் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கதவு இடுக்கிலிருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினான். அப்போதுதான் மடியில் கிடந்த பென்சில் எழுத்துகள் அவன் கண்ணில் பட்டன. விரலால் அவற்றைத் தொட்டான்.

“எல்லாருக்கும் அப்படித்தானே மவுரீன்?” என்று கேட்டான்.

காலையில் தோசை தின்றுகொண்டே சொன்னதும் இதையேதான். இப்போது அவன் அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தான்.